சமையல் மேடைப் பலகையை வீட்டிலேயே வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும்

எங்கள் ஊரில் இப்போது புதிதாக ஒரு மூடநம்பிக்கை பரவி வருகிறது. பூனை குறுக்கே போனால் ஆகாது என்பது போல, லாமினேட் ஒட்டிய சமையல் மேடைப் பலகையை வீட்டில் வைத்து வெட்டினால் ஆகாது என்கிறார்கள். ஃபாக்டரியில், பெரிய மெஷினில், கம்ப்யூட்டர் பார்த்துத்தான் வெட்ட வேண்டுமாம். வீட்டில் ரம்பம் வைத்தால் பலகை பாழாகிவிடும், வாரண்டி போய்விடும், பிறகு கம்பெனி பொறுப்பல்ல என்கிறார்கள். மாடுலர் கிச்சன் விற்கும் ஷோரூம் பையன் இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும். பென்ஷன் வாங்கும் கிழவருக்கு உலகம் தெரியாதே என்கிற பரிதாபம்.

அவன் சொல்வது தப்பு என்பது என் கட்சி. பாதி தப்பு, பாதி சரி என்று கோப்பில் நோட்டு எழுதுகிற மாதிரி வழவழவென்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. முழுக்கத் தப்பு. அந்தப் பலகை வீட்டில் வெட்டுவதற்கென்றே ஏற்பட்ட பொருள். நம்மைப் போன்ற வயதானவர்கள் இந்தப் பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பொருள் என்ன என்று பார்ப்போம். நாம் எல்லோரும் 'சன்மைக்கா' என்று சொல்கிறோம். அது ஒரு கம்பெனி வைத்த பெயர். சாந்து அரைக்கும் வேலைக்காரர் எந்த சிமெண்டையும் ஒரே பெயரால் அழைப்பது போல, நாமும் எல்லா லாமினேட்டையும் சன்மைக்கா என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இதன் மூதாதை 'ஃபார்மைக்கா'. 1912, 1913-ஆம் வருடங்களில் அமெரிக்காவில் இரண்டு இன்ஜினியர்கள் மின்சாரச் சாமான்களுக்குள் வைக்கும் மைக்காத் தகட்டுக்கு, அதாவது அபிரகத்துக்கு, மாற்றாக ஒன்றைச் செய்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. சமையலறைக்கு வந்தது பிற்பாடுதான்.

உள்ளே இருப்பது காகிதம். பழுப்பு நிறக் காகிதத்தைப் பசையில் ஊறவைத்து அடுக்கடுக்காக வைப்பார்கள். அதன்மேல் பூவோ, மரக்கோடோ, கல் மாதிரியோ அச்சடித்த ஒரு காகிதம். பிறகு சூட்டில், சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வைத்து அமுக்குவார்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தகடு தயார். எட்டடிக்கு நாலடி. இதை பிளைவுட்டிலோ, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டிலோ ஒட்டினால் அதுதான் மேடைப் பலகை. கல்லும் இல்லை, கண்ணாடியும் இல்லை. காகிதமும் மரமும். காகிதத்தையும் மரத்தையும் வீட்டில் வெட்டக் கூடாது என்றால், பிறகு வீட்டில் எதைத்தான் வெட்டுவது? கத்தரிக்காயையா?

எங்கள் அக்காவுக்கு எழுபத்தொன்பது வயது. லாஸ்பேட்டையில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். அத்திம்பேர் போன பிறகு குடும்பப் பென்ஷன்தான் ஆதாரம். அந்த வீட்டில் எட்டடி நீளத்துக்கு ஒரு லாமினேட் மேடை. நம் ஊரில் பெரும்பாலும் மேடை என்றால் கடப்பாக் கல், இல்லாவிட்டால் கிரானைட். ஆனால் இப்போது மாடிப் போர்ஷனிலும் சின்ன ஃப்ளாட்டிலும் இந்தப் பலகை மேடை வந்துவிட்டது. அக்கா வீட்டில் சிங்க் இருக்கும் பக்கம் பலகை ஊதிவிட்டது. பணியாரம் மாதிரி எழும்பி, ஓரத்தில் லாமினேட் வாய் பிளந்து நின்றது.

ஏன் ஊதியது? சிங்க்குக்காகப் பலகையில் ஓட்டை போட்டபோது, வெட்டிய ஓரத்தில் ஒரு துளி வார்னிஷ் கூடப் பூசவில்லை. சிங்க்கைக் கழற்றிப் பார்த்தபோது பச்சை மரத்தூள் அப்படியே தெரிந்தது. நாலு வருடமாகத் தண்ணீர் அதில் இறங்கியிருக்கிறது. அதுவும் ஃபாக்டரியில் போட்ட ஓட்டைதான். பெரிய மெஷினில், கம்ப்யூட்டர் பார்த்து.

அக்கா அந்த ஷோரூமுக்குப் போன் செய்தார். ஒரு பையன் வந்து பார்த்து, மேடை முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், கீழே கதவுகளையும் சேர்த்து மாற்றினால்தான் கலர் ஒத்துப்போகும் என்று ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். கெட்டது இரண்டரை அடி. மீதி ஐந்தரை அடி நன்றாக இருந்தது. அதை மட்டும் வெட்டி எடுக்க முடியாதா என்று நான் கேட்டதற்கு மூன்று காரணம் சொன்னான். மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் காரணம்: "வெட்டினா பிசிறு அடிக்கும் சார், மேல் லேயர் பேர்ந்துடும்."

பிசிறு அடிக்கும், உண்மை. எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்தவனுக்கு அது பிரச்சனையே இல்லை. ரம்பத்தின் பல் பலகையை விட்டு வெளியே வருகிற பக்கம்தான் பெயரும். உள்ளே நுழைகிற பக்கம் சுத்தமாக இருக்கும். கை ரம்பம் கீழ்நோக்கித் தள்ளும்போது அறுக்கிறது. ஆகவே நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். கையில் பிடித்து ஓட்டுகிற வட்ட ரம்ப மெஷினில் பல் கீழிருந்து மேலே வருகிறது. ஆகவே நல்ல முகத்தைக் கவிழ்த்துப் போட வேண்டும். ஜிக்சாவும் அப்படியே, மேலே இழுக்கும்போது அறுக்கும். இது ஒன்றும் பரம ரகசியமில்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரவேலைப் பட்டறையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் புரிந்துவிடும். வெட்டப் போகும் கோட்டின்மேல் காகித டேப் ஒட்டிக்கொண்டு, பிளேடால் லாமினேட்டை முதலில் கீறிவிட்டு, சின்னப் பல் நிறைய இருக்கும் பிளேடைப் போட்டால் பிசிறுக்கு வேலையே இல்லை. அப்படியும் ஒரு மயிரிழை பிசிறினால் அரம் இருக்கிறது. அரத்தை மேலிருந்து உள்நோக்கித் தள்ள வேண்டும், வெளியே இழுக்கக் கூடாது. அவ்வளவுதான் சாஸ்திரம்.

இரண்டாவது காரணம்: "மெஷின் கட்டிங்தான் சார் பெர்ஃபெக்டா இருக்கும்."

மெஷின் நேராகத்தான் வெட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் சுவர் நேராக இருக்கிறதா? புதுச்சேரியில் மூலைமட்டத்துக்குச் சரியாக நிற்கும் சுவரை யாராவது காட்டினால் அவருக்கு ஒரு டிகிரி காப்பி வாங்கித் தருகிறேன். பழைய சுண்ணாம்புச் சுவரை விடுங்கள், நேற்று கட்டிய ஃப்ளாட்டில்கூடப் பூச்சு ஒரு இடத்தில் அரை அங்குலம், ஒரு இடத்தில் ஒன்றரை அங்குலம். நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கணக்குதான்: மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 சென்டிமீட்டர், மறு சுவரில் 120 சென்டிமீட்டர் குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே அளந்தால் 150 வர வேண்டும். வந்தால் மூலை சரி. அக்கா வீட்டில் 151 வந்தது. தொண்ணூறுக்கும் அதிகமான கோணம். அந்த மூலைக்கு ஃபாக்டரி அனுப்பியது சதுரமான பலகை. இடைவெளியை என்ன செய்தார்கள்? வெள்ளை சிலிக்கானைக் கேக்குக்கு க்ரீம் வைப்பது போல அப்பி மூடினார்கள். அது கறுத்து, கரப்பான் குடியேறியது. இதற்குப் பெயர் பெர்ஃபெக்ட்.

வீட்டில் வெட்டுகிறவன் என்ன செய்வான்? பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடுவான். வட்டம் போடுகிற காம்பஸை அதிகபட்ச இடைவெளிக்கு விரித்து, முள்ளைச் சுவரில் வைத்து, பென்சிலைப் பலகையில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பான். சுவரின் கோணல் முழுவதும் பலகையில் கோடாக வந்துவிடும். அந்தக் கோட்டில் இழைத்துவிட்டால் பலகை சுவரில் போய் உட்காரும். ஃபாக்டரி மெஷினால் இதைச் செய்ய முடியாது. ஏனென்றால் சுவர் ஃபாக்டரிக்கு வராது. சுவர் இருக்கும் இடத்துக்குத்தான் ரம்பம் வர வேண்டும். என் வாதத்தின் உயிர்நிலையே இந்த ஒன்றுதான்.

மூன்றாவது காரணம் வாரண்டி. முப்பத்துநாலு வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்த உத்தரவிலும் முதலில் நான் படிப்பது 'நீங்கலாக' என்ற வார்த்தைக்குப் பிறகு வருவதைத்தான். அக்காவின் வாரண்டி அட்டையை வாங்கிப் படித்தேன். பத்து வருடம் என்று முன்பக்கம் பெரிய எழுத்தில். பின்பக்கம் சின்ன எழுத்தில்: தண்ணீரால் வரும் சேதம் நீங்கலாக, ஈரப்பதத்தால் வரும் வீக்கம் நீங்கலாக, சூடான பாத்திரத்தால் வரும் சேதம் நீங்கலாக. சமையலறையில் தண்ணீரும் ஈரமும் சூடும் நீங்கலாக மிச்சம் என்ன இருக்கிறது? அந்த வாரண்டியை வைத்துக்கொண்டு ஊறுகாய் பாட்டிலுக்கு மூடிபோடலாம். போகக் கூடியது எதுவும் அதில் இல்லை, எனவே வெட்டினால் போய்விடும் என்று பயப்படவும் தேவையில்லை.

ஐம்பத்திரண்டாயிரத்துத் தாளை மடித்து வைத்துவிட்டு, முத்தியால்பேட்டையிலிருந்து எனக்குத் தெரிந்த ஆசாரியை அழைத்து வந்தேன். வயது அறுபதைத் தாண்டியவர். பலகையைத் தட்டிப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார். "ஐயா, இதுக்குப் போயா அம்மா கவலைப்பட்டாங்க?" என்றார். அடியில் இருந்த ஸ்குரூக்களைக் கழற்றி, சுவரோரச் சிலிக்கானைப் பிளேடால் அறுத்து, பலகையை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டு பெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டார்கள். நல்ல பாகம், கெட்ட பாகம் இரண்டுக்கும் கீழே முட்டுக் கொடுத்தார். இல்லாவிட்டால் கடைசி இரண்டு அங்குலம் அறுபடும் முன்பே கெட்ட துண்டு தன் பாரத்தால் தொங்கி, நல்ல துண்டின் லாமினேட்டையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு விழும். ஊதின இடத்துக்கு அப்பால், பலகை கெட்டியாக இருக்கும் இடமாகப் பார்த்து, 90 சென்டிமீட்டரில் கோடு. நேரான ஒரு சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதில் மெஷினின் அடித்தட்டை ஒட்டி ஓட்டினார். வெட்டி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அளப்பதற்கு முக்கால் மணி நேரம். நல்ல வேலையில் எப்போதும் இந்த விகிதம்தான் இருக்கும்.

புதுத் துண்டுக்கு மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை போட்டது. பழைய பலகையின் கனத்துக்கே பார்த்து 25 மில்லிமீட்டர். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐஎஸ் 303 என்பது சாதாரண உபயோகத்துக்கு, 710 தண்ணீர் படும் இடத்துக்கு. கடையில் "எல்லாம் வாட்டர் ப்ரூஃப்தான் சார்" என்பார்கள். முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். மேலே லாமினேட். பழைய கலர் கிடைக்காது என்று தெரியும். ஒத்துப்போகாத கலரை ஒத்துப்போவது மாதிரி வைத்தால்தான் அசிங்கம். சிங்க் பக்கம் முழுக்கக் கறுப்பாகவே வைத்துவிட்டோம். வேண்டுமென்றே வைத்தது மாதிரி இருக்கிறது.

சிங்க் ஓட்டைக்கு நாலு மூலையிலும் முதலில் டிரில் போட்டு வட்டமாகத் துளை. பிறகுதான் ஜிக்சா. மூலையைக் கூராக விட்டால் அந்த முனையிலிருந்துதான் லாமினேட்டில் விரிசல் கிளம்பும். வெட்டிய ஓரம் முழுவதும், ஓட்டையின் உள்விளிம்பு, பலகையின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் மூன்று கோட் வார்னிஷ், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஃபாக்டரியில் செய்யாமல் விட்டது இந்த ஒரு வேலைதான். ஒரு சின்ன டப்பா வார்னிஷ். அதைப் பூசியிருந்தால் அக்காவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பழசும் புதுசும் சேரும் இடத்தில் அலுமினியப் பட்டை, சிலிக்கான். சுவர்ப் பக்கம் காம்பஸ் போட்டு இழைத்ததால் ஒரு நூல் இடைவெளிதான். ஆள் கூலி, பலகை, லாமினேட், பசை எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. வார்னிஷ் காய வேண்டியிருந்ததால் இரண்டு நாள். மீந்த லாமினேட்டை அக்கா பூஜை அலமாரிக்கு ஒட்டிக்கொண்டார்.

ஐம்பத்திரண்டாயிரம் எங்கே, ஆறாயிரம் எங்கே? நடுவில் இருக்கும் நாற்பத்தாறாயிரமும் பலகையின் விலை அல்ல. 'வீட்டில் வெட்ட முடியாது' என்ற ஒரு வாக்கியத்தின் விலை.

இனி நம் பக்கத்துக் குற்றத்துக்கு வருகிறேன். ஷோரூம்காரன் பொய் சொல்கிறான் என்றால் நாம் ஏன் நம்புகிறோம்? எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு ரம்பம் எந்தப் பக்கம் அறுக்கும் என்று தெரியாது, தெரியாததில் ஒரு கௌரவமும் இருக்கிறது. அதனால்தான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பள்ளியில் 'த்ரவோ மானுவேல்' என்று கைவேலைக்கு ஒரு வகுப்பு இருந்தது. அட்டை வெட்டுவது, மரத்தில் சின்னப் பெட்டி செய்வது. நாங்கள் அதை ஒரு பாடமாகவே மதிக்கவில்லை. 'ப்ரெவே' பரீட்சைக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினால் போதும், பாஸ் செய்தால் உத்தியோகம், உத்தியோகம் கிடைத்தால் ஆணி அடிக்கவும் ஆள். வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வகுப்பை நமக்கு வைத்த பிரான்ஸ் தேசத்தில் நிலைமை வேறு. பாரீசுக்குப் பக்கத்தில் என் மகன் இருக்கிறான். நம் ஊர்க் குடும்பங்களில் பாதிக்கு அங்கே யாராவது இருப்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே சமையல் மேடை என்றால் பெரும்பாலும் இந்த லாமினேட் பலகைதான், 'ப்ளான் த த்ரவாய்' என்பார்கள். 28 அல்லது 38 மில்லிமீட்டர் கனம், இரண்டரை மீட்டர், மூன்று மீட்டர் நீளத்தில் லெருவா மெர்லேன் மாதிரிக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். காரின் மேல் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் வெட்டுவார்கள். யார் வெட்டுவார்கள்? வீட்டுக்காரர்தான். மகனின் பக்கத்து வீட்டில் வரி இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் இருந்தார். சனிக்கிழமை காலையில் பார்த்தால் முற்றத்தில் இரண்டு குதிரைச் சட்டத்தின்மேல் பலகையைப் போட்டு, காதில் பென்சிலோடு நிற்பார். ஜிக்சாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸீ ஸோத்தேஸ்', துள்ளுகிற ரம்பம். வீட்டில் தானே செய்துகொள்ளும் இந்த வேலைகளுக்கு 'பிரிகோலாழ்' என்று பெயர். அதற்கென்று பத்திரிகை உண்டு, கடைத்தெரு உண்டு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குமேல் மெஷின் சத்தம் கூடாது என்று விதியும் உண்டு. அவர் கௌரவம் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மொழியில் தச்சருக்கு இரண்டு பெயர். கூரை, உத்தரம் போடுகிறவர் 'ஷார்பாந்தியே'. கதவு, அலமாரி, மேடை செய்கிறவர் 'மெனுய்ஸியே'. சின்னது, நுணுக்கமானது என்ற சொல்லிலிருந்து வந்தது. நுணுக்கம் என்பதையே தொழிலின் பெயராக வைத்திருக்கிறார்கள். நாம் நம்மவரை என்ன சொல்லி அழைக்கிறோம்? "கார்பெண்டர் பையன்." அறுபது வயதுக்காரர் நமக்குப் பையன்!

இங்கே ஒரு நண்பர் என்னை மடக்கினார். "அங்கே கூலி அதிகம், அதனால் தானே வெட்டிக்கொள்கிறான். இங்கேயும் எல்லோரும் தானே வெட்ட ஆரம்பித்தால் ஆசாரியின் பிழைப்பு என்ன ஆவது?" நல்ல கேள்வி. ஆனால் ஆசாரியின் பிழைப்பைக் கெடுத்தது ரம்பம் பிடித்த கிழவர்கள் அல்ல. ஷோரூம்தான். மேடை, அலமாரி, கதவு எல்லாம் பெட்டியில் வந்து இறங்குகிறது. அவற்றை மாட்டுவதற்கு வருகிற பையனுக்கு ஸ்குரூ முடுக்க மட்டும் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இழைப்புளி பிடிக்க அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கற்றுத்தரக் கூடிய ஆசாரி வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். 'வீட்டில் வெட்டக் கூடாது' என்ற சட்டத்தால் முதலில் அடிபடுகிறவர் அவர்தான். வீட்டில் வெட்டலாம் என்று நமக்குத் தெரிந்தால்தான் அவரை அழைப்போம். வேலையின் அருமை தெரிந்தால்தான் பேரம் பேசாமல் கூலி கொடுப்போம். முக்கால் மணி நேரம் அளப்பதைப் பார்த்து "என்னப்பா, சும்மா நிற்கிறே" என்று கேட்கிறவர், ரம்பத்தைக் கையால் தொட்டிராதவராகத்தான் இருப்பார்.

இன்னொரு ஆட்சேபம் வயது. எழுபதுக்கு மேல் கரண்ட் ரம்பம் பிடிக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கை நடுங்குகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மெஷின் பக்கமே போக வேண்டாம். ஒரு அலமாரித் தட்டை அளவுக்கு வெட்ட கை ரம்பமே போதும், மெதுவாக, நல்ல முகம் மேலே. பெரிய பலகைக்கு ஆளை அழையுங்கள். ஆனால் கூட நில்லுங்கள். நம் ஊரில் பலர் டைல்ஸ் வெட்டுகிற மெஷினில் மர பிளேடை மாட்டி, மூடியையும் கழற்றிவிட்டு, செருப்புக் காலோடு வெட்டுகிறார்கள். அதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மூடி போட்ட மெஷின், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், வேலை மொட்டை மாடியில். மரத்தூளும் பசைத்தூளும் அடுத்தவர் நுரையீரலுக்குப் போவது நமக்காகத்தானே.

ஒரே ஒரு பொருளில் மட்டும் என் கட்சி தலைகீழ். கல். முக்கியமாக இப்போது 'குவார்ட்ஸ்' என்று விற்கிற செயற்கைக் கல். அதில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல்கூட சிலிக்கா இருக்கும். கிரானைட்டிலும் உண்டு. அதைத் தண்ணீர் விடாமல் வெட்டும்போது கிளம்பும் வெள்ளைப் புகை நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிக்கோசிஸ். அந்த வியாதிக்கு மருந்தில்லை. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? கல்லைப் படிக்கட்டு வழியாக மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, வராந்தாவில் உலர்வாக வெட்டுகிறார்கள். மாடிக் குழந்தைகள் அந்தப் புகையில் விளையாடுகின்றன. அதைப் பற்றி எந்த ஷோரூமும் வாய் திறப்பதில்லை! வீட்டில் வெட்டக் கூடாத கல்லை வீட்டில் வெட்டுகிறார்கள். வீட்டில் வெட்டக் கூடிய பலகையை வெட்டக் கூடாது என்கிறார்கள். பயம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை. எங்கே பயமுறுத்தினால் பில் ஏறுமோ அங்கே இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுக்கோ பிள்ளை வீட்டுக்கோ பலகை மேடை போட வந்தால் நாலு கேள்வி கேளுங்கள். மூலையை அளந்தாயா? பலகையின் உள்ளே இருப்பது என்ன, முத்திரை எங்கே? சிங்க் ஓட்டையின் ஓரத்தில் என்ன பூசப் போகிறாய், என் கண் முன்னால் பூசுவாயா? சுவரோரம் இடைவெளி வந்தால் இழைப்பாயா, சிலிக்கான் அப்புவாயா? இந்த நாலுக்கும் பதில் சொல்லத் தெரியாதவன், வீட்டில் வெட்ட முடியாது என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தால், அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் தெருவிலேயே எங்காவது ஒரு திண்ணையில், பதில் தெரிந்தவர் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவரை 'பையன்' என்று கூப்பிடாதீர்கள்.